கோடு சுருங்காத கோடாலி

தங்கமணி செத்துப்போன சேதியை யாரும் எனக்குச் சாவுச் சேதியாகச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, நாமக்கல் ஆஸ்பத்திரியில், டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்க்கும் மெஷின்மேல் நின்றுகொண்டிருந்தேன். கலா சிஸ்டர் என் எடையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு குனிந்து எழுதிக்கொண்டே, "மாமா, ரொம்ப நாளா சன்னலோரப் பெட்டுக் கேட்டுட்டே இருந்தீங்கல்லோ, இன்னைக்கு அங்க போய்ப் படுத்துக்கங்க" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வார்டில் ஒரு பெட்டு காலியாவதற்கு இரண்டே வழிதான். ஒன்று, கிட்னி மாற்று ஆபரேஷன் முடிந்து, இனி மெஷின் வேண்டாம் என்று லட்டு கொடுத்துவிட்டுப் போவது. தங்கமணிக்கு அது நடக்காது என்று வார்டுக்கே தெரியும். போய்த் தங்கமணியின் சன்னலோரப் பெட்டில் படுத்தேன். மறைக்க என்ன இருக்கிறது, காற்று நன்றாகத்தான் வந்தது.

நம் வார்டு வாட்ஸ்அப் குழுவினர் முப்பதாம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். டிகிரி முடித்த பேஷண்டுகள் வரிசையாகப் படுத்திருக்க, எழுதுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது. நான் எட்டாவது வரை படித்தவன். எட்டாவதில் என் கட்டுரையைப் படித்த வாத்தியார், இதற்குமேல் இவனுக்குச் சொல்லித்தர நம்மிடம் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்புறம் லாரி ஸ்டியரிங்கைப் பிடித்து, நாகாலாந்து மலையில் பிரேக் இல்லாத வண்டியை ஹாரன் அடித்தே நிறுத்தியவன். இந்தப் புத்தகத்தில் எழுத்துப் பிழை இருந்தால் அது அச்சாபீஸ்காரர் பிழை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறந்தவரை 'அவர்' என்று மரியாதையாக எழுத வேண்டும் என்று குழுவில் சொன்னார்கள். தங்கமணியை நான் அவர் என்று எழுதினால், ஆருங்க அந்த அவரு என்று தங்கமணியே எழுந்து வந்து கேட்பாள். ஆகையால் அவள் என்றே எழுதுகிறேன். என்னைவிட வயதில் சின்னவள். வேறு எதிலும் சின்னவள் அல்ல.

மோகனூர்ப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தாள். புருசன் போன பிறகு ஒண்டியாகவே நடத்தினாள். பண்ணைகளில் ஒரு வழக்கம் உண்டு. முட்டை குறைந்துபோன கோழிக்கு யாரும் உட்கார்ந்து தீனி போட மாட்டார்கள். ஷெட்டோடு மொத்தமாகப் பிடித்து லாரியில் ஏற்றிக் கறிக்கு அனுப்பிவிட்டு, ஷெட்டைக் கழுவிப் புதுக்கோழி இறக்குவார்கள். அனுப்புகிற கோழிக்குக் கழிவுக்கோழி என்று பெயர். மற்றவர்களுக்கு அது தொழில். தங்கமணிக்கு அது வேதம். "சீக்குக் கோழிக்கு மருந்து ஊத்திட்டு நிக்கறவன் பண்ணை நடத்தலீங்க, ஆஸ்பத்திரி நடத்தறான்" என்பாள். மோட்டார் புகைந்தால் புது மோட்டார். ஒரு செருப்பின் வார் அறுந்தால் ஜோடியே குப்பைக்கு. மருமகனை மாற்ற வழியுண்டா என்று வக்கீலிடம் கேட்டதாகக் கேள்வி. நான் அப்படிக் கேள்விப்படவில்லை என்றாலும், அவள் கேட்டிருப்பாள்.

வார்டுக்கு அவள் வந்த முதல் நாளை மறக்க முடியாது. பக்கத்துப் பெட்டில் படுத்திருந்த என்னை, சந்தையில் மாடு பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். என்னிடம் கேட்காமல் சிஸ்டரிடம் கேட்டாள்.

"ஏனுங்க சிஸ்டர், இவரு எத்தன வருசமா இந்த மெசின்ல ஓடறாரு?"

"மாமா ரொம்ப வருசமுங்க. எங்களுக்கெல்லாம் சீனியரு."

"அப்புடீங்களா. பாடி மட்டும் மிச்சம்னு சொல்லுங்க. எஞ்சினெல்லாம் எப்பவோ எறக்கிட்டாங்க போல."

நான் விடுவேனா? "அம்மிணி, எஞ்சினை எறக்கி மாட்டி, ஸ்பிரிங் பட்டை மாத்தி, டயரை ரீட்ரெட் பண்ணி ஓட்டறவன் நானு. புது வண்டி நூறு என்னைத் தாண்டிப் போயிருக்குது. எல்லாம் வழியில கவுந்து கெடந்துது" என்றேன்.

"கழிவுக்கோழிக்கு வாய் மட்டும் கொறையாதுங்க டிரைவரே" என்றாள். அன்றிலிருந்து அவள் வாயில் எனக்கு அதுதான் பெயர். எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவாள். கத்தியைத் துடைத்துவிட்டுக் குத்துகிற மாதிரி.

தன்னையும் அவள் விட்டுவைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒருநாள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது, நீ மட்டும் என்ன என்று நான் கேட்டேன். சிரித்தாள். "நானும் கழிவுக்கோழிதானுங்க. புடிச்சு ஏத்தீட்டுப் போக லாரி வரோணுமல்லோ? டிரைவரு இங்க படுத்துக் கெடக்கறீங்களே, என்ன பண்றது" என்றாள். அந்த நான்கு மணி நேர ஷிப்டு முழுக்க வார்டு சிரித்தது. சிரித்ததில் ஒருவருக்கு மெஷினில் அலாரமே அடித்துவிட்டது.

இனி அந்த விளையாட்டுக்கு வருகிறேன். தங்கமணிக்கு ஒரே தம்பி, செல்வராசு. பரமத்தியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி, புதுக்கம்பி சுற்றி ஓட வைப்பவன். அக்கா நான்கு மணி நேரம் படுத்துக் கிடப்பதும், அந்த நேரமெல்லாம் வார்டில் ஒவ்வொருவரையும் பிடுங்குவதும் அவன் காதுக்குப் போயிற்று. அவளுடைய போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது அல்லவா, ஒரு கையால் ஆடுவதற்காக, பழைய டேபிள் ஃபேனின் கழுத்தை அறுத்துக் கட்டிலில் மாட்டுகிற ஸ்டாண்டு ஒன்றும் செய்து தந்தான். தங்கமணி மிரட்டி என்னையும் சேர்த்தாள். செல்வராசு கடையில் இருந்தபடியே சேர்ந்துகொள்வான். மூன்று பேரும் மைக்கில் பேசிக்கொண்டே ஆடுவோம்.

ஆட்டம் இதுதான். ஒன்றும் இல்லாமல் ஒரு காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். கல் பொறுக்கி, குச்சி ஒடித்து, நார் உரித்து, கோடாலி செய்ய வேண்டும். கோடாலி இருந்தால் மரம், மரம் இருந்தால் வீடு. பசியும் தாகமும் எடுக்கும். ஓநாய் வரும். ஒவ்வொரு ஆயுதத்தின் படத்துக்குக் கீழேயும் பச்சையாக ஒரு கோடு இருக்கும். வெட்ட வெட்ட அது தேயும். தேய்ந்தால் இரண்டு வழி. பட்டறை மேசையில் வைத்து, சுத்தியலால் தட்டிச் சரிசெய்யலாம். ஆனால் ஒவ்வொரு தடவை தட்டும்போதும் கோட்டின் முழு நீளமே கொஞ்சம் சுருங்கிவிடும். பழைய நீளம் மறுபடி வராது. இல்லையென்றால் அதை வீசிவிட்டு, கல்லும் கட்டையும் தேடிப் போய்ப் புதுசு செய்யலாம். நான் தட்டுகிற கட்சி. செல்வராசும் என் கட்சி. தங்கமணி எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை.

காட்டுக்குள் ஓர் ஆறு ஓடும். எங்களுக்கு நாள் ஒன்றுக்கு இத்தனை டம்ளர்தான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து வைத்திருக்கிறார். கூடக் குடித்தால் நுரையீரலில் ஏறும். நாக்கு அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும் சித்திரை வெயிலில், தங்கமணி நேராக ஆட்டத்தின் ஆற்றங்கரைக்குப் போய்க் குனிந்து குடிக்க ஆரம்பிப்பாள். மைக்கில் மடக் மடக்கென்று சத்தம் கேட்கும். "ஏனுங்க டிரைவரே, ஜில்லுனு இருக்குதுங்க. மேட்டூர்ல இப்பத்தான் தொறந்துட்டாங்களாட்டம் இருக்குது. வாங்க, வந்து ஒரு வாய் குடிங்க." போகாமல் இருக்க எனக்கு மனசு வராது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து, தாகக் கோடு நிரம்பிய பிறகும் குடித்துக்கொண்டே இருப்போம். கட்டிலில் படுத்திருந்த எங்கள் இரண்டு பேருடைய உதடும் வெடித்திருந்தது.

ஒருநாள் காட்டுப்பன்றி அவளைத் துரத்தியது. பதற்றத்தில் ஊசிக் கையையும் சேர்த்து இழுத்துவிட்டாள். ஊசி நழுவி, ரத்தம் சுவரெல்லாம் அடித்தது. நான் எழுதுவதால் சுவரெல்லாம். பார்த்தவர்கள் போர்வை என்பார்கள். கலா சிஸ்டர் ஓடிவந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, அழுகிற குரலில் திட்டினார். முகம் வெளுத்துக் கிடந்த தங்கமணி என் பக்கம் தலையைத் திருப்பி, "பன்னி செத்துப்போச்சுதுங்களா, பாருங்க" என்றாள். சாகவில்லை, நீதான் செத்தாய் என்றேன். "சரி விடுங்க, அங்கயாச்சும் மறுக்கா பொறக்கலாம்" என்றாள்.

இரக்கம் என்கிற சாமான் அவளிடம் இருந்ததில்லை. குகைக்குள் இரும்புக்கல் தோண்டப் போன நாளில் அதை நேராகவே பார்த்தேன். என்னுடைய கடப்பாரை, தட்டித் தட்டி, கோடு நகக்கண் அளவுக்கு வந்துவிட்டிருந்தது. அதை வைத்தே அந்தக் காட்டில் பாதி மலையை நான் உடைத்திருக்கிறேன், செல்வராசைக் கேட்டுப் பாருங்கள். சரியாக ஓநாய்கள் சூழ்ந்த நேரம் பார்த்து அது உடைந்தது. தங்கமணி பாறைமேல் நின்றாள். முதுகுப் பை நிறையப் புதுக் கடப்பாரை, புதுக் கோடாலி.

"அம்மிணி, ஒண்ணைத் தூக்கிப் போடு!"

"எதுக்குங்க? பஞ்சர் ஒட்டி ஓட்டுங்க."

"தின்னுபோடும்மா என்னைய!"

"தின்னுட்டுப் போகுதுங்க. அதுகளுக்கும் பசியல்லோ. அந்தப் பழைய தோலுதான் மெல்ல முடியாம நிக்குதுக."

தின்றுவிட்டன. நான் செத்து விழுந்த இடத்துக்கு இறங்கி வந்து, என் மூட்டையைப் பிரித்து, இரும்புக்கல்லை எடுத்துக்கொண்டு, நான் சேர்த்து வைத்திருந்த பழைய சாமான்களை மட்டும் ஒவ்வொன்றாக ஆற்றில் வீசினாள். கடையில் இருந்து மைக்கில் கேட்டுக்கொண்டிருந்த செல்வராசு, "பாவம்க்கா, மாமா எத்தன நாளா வெச்சிருந்ததெல்லாம்" என்றான். "அதனாலதான்டா வீசறேன்" என்றாள்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நல்ல காரியம் நடப்பது போல இருந்தது. செல்வராசு யாரிடமும் சொல்லாமல் போய் ரத்தம் கொடுத்துச் சோதனை பண்ணிக்கொண்டான். எல்லாம் பொருந்திவிட்டது. தன் கிட்னி ஒன்றை அக்காவுக்குத் தருகிறேன் என்று வார்டின் நடுவில் நின்று சொன்னான். சிஸ்டர்கள் கைதட்டினார்கள். எனக்கே கண் கலங்கியது. தங்கமணி மட்டும் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ பொறந்ததுக்கு இப்பத்தான்டா ஒரு காரணம் கெடச்சிருக்குது" என்றாள். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் மெஷினிலிருந்து இறங்கும்போது அவள் கால் தரையில் பாவவில்லை. புது உடம்பு வந்ததும் முதலில் ஒரு குடம் மோர், அப்புறம் மேச்சேரி ஆட்டுக்கறி, அதற்கப்புறம் என் சன்னலோரப் பெட்டை டிரைவருக்கு எழுதி வைக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனாள்.

கோவை டாக்டரைப் பார்க்க அக்காவும் தம்பியும் போனார்கள். புதுக் கிட்னி வைத்தால் வேலை முடிந்துவிடாது, ஆயுசுக்கும் வேளை தவறாமல் மாத்திரை, வாயைக் கட்ட வேண்டும், ஒருநாள் விட்டாலும் உடம்பே அதைத் தாக்க ஆரம்பித்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். செல்வராசு, கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டானாம். கெட்டுப்போகும், மறுபடி மெஷின்தான் என்றாராம். திரும்பி வரும் வழியில், காரில், தங்கமணி அந்த விளையாட்டை ஆடிக்கொண்டு வந்திருக்கிறாள். பாதிக் கோடு பச்சையாக இருந்த ஒரு கோடாலியைத் தூக்கி வீசிவிட்டுப் புதுசு செய்தாள். பக்கத்தில் உட்கார்ந்து செல்வராசு அதைப் பார்த்தான்.

அடுத்த ஷிப்டுக்கு வந்து அவள் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத."

"கோவிச்சுக்குவேன். கேளு."

"ஒரே ஒரு கோடாலி. பொங்கல் வரைக்கும் அதையவே தட்டித் தட்டி வெச்சு ஆடிக் காட்டு. வீசக் கூடாது. அப்புறம் எங்க வேணுமோ அங்க கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

வார்டே சிரித்தது. தங்கமணியும் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினாள்.

"கோடாலிக்கும் கிட்னிக்கும் என்னடா சம்பந்தம், கிறுக்கா?"

"எனக்கு வேற எதுல வெச்சு உன்னையச் சோதிச்சுப் பாக்கறதுன்னு தெரியலக்கா."

அவள் கூரையைப் பார்த்தபடி, "சரி" என்றாள்.

உண்மையாகவே ஒரு கோடாலி செய்தாள். அதற்குச் 'செல்வராசு' என்று பெயர் வைத்தாள். ஆட்டத்தில் ஆயுதங்களுக்குப் பெயர் எழுதலாம். முதல் சில ஷிப்டுகள், தேய்ந்தவுடன் பட்டறைக்குப் போய், சுத்தியலை எடுத்து, முனகிக்கொண்டே தட்டினாள். தட்டுவது எப்படி என்று நான் சொல்லிக் கொடுத்தேன். அதில் நான் பி.ஹெச்.டி. மாத்திரைகளைக்கூட ஒரு டப்பாவில் கிழமை வாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டாள். இரண்டு ஷிப்டுக்கு நடுவில் அவளுக்கு எடை அதிகம் ஏறாமல் இருந்தது அந்த நாட்களில்தான். கலா சிஸ்டர் வியந்துபோய், "தங்கமணியக்கா, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "தம்பிக்குப் பரீச்சை எழுதறனுங்க" என்றாள்.

நாங்கள் மரம் வெட்டினோம், கரடியை அடித்தோம், ஆற்றங்கரையில் அவளுக்கு ஒரு மாடி வீடே கட்டினோம். எல்லாமே அந்தக் கோடாலியால். மார்கழி முழுக்க 'செல்வராசு' அவள் தோளிலேயே தொங்கியது. தம்பியைக் கூப்பிட்டு, "பாத்துக்கடா, உன்ர பேரை எப்புடிப் போட்டு அடிக்கறேன்னு" என்பாள். வார்டில் எல்லோரும் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தே விட்டார்கள்.

பொங்கலுக்கு முந்தின ஷிப்டு. செல்வராசு டிபன் பாக்ஸோடு வந்தான். உப்புக் கம்மியாக அவன் பெண்சாதி செய்த இட்லி. ஸ்டூலில் உட்கார்ந்து, "கோடாலியக் காட்டுக்கா" என்றான். ஃபேன் கழுத்தைத் திருப்பி, போனை அவன் பக்கம் வைத்தாள். நெடுநேரம் பார்த்தான். எரிந்த மோட்டாரைப் பார்க்கிற பார்வை.

"எத்தன தடவ தட்டியிருப்ப?"

"நெறைய. டிரைவரக் கேளு."

"கோடு முழுசா இருக்குதேக்கா."

அவள் கோடாலியின் கோடு அவள் போனில்தான் தெரியும் என்பதால், எனக்கு அப்போதுதான் சுரீர் என்றது. தட்டத் தட்டக் கோடு சுருங்க வேண்டும். அந்தக் கோடாலி, மார்கழி முழுக்க உழைத்த கோடாலி, பிறந்த குழந்தை மாதிரி முழுக் கோட்டோடு இருந்தது. பழசு தேய்ந்ததும் ஆற்றில் வீசிவிட்டு, நாங்கள் பார்க்காத நேரத்தில் புதுசு செய்து, அதே பெயரை எழுதி, அதே தோளில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவை அல்ல. அதே பெயரை எழுதி ஏமாற்றத் தெரிந்தவளுக்குக் கோடு காட்டிக் கொடுக்கும் என்று தோன்றவில்லை. தட்டிப் பழக்கம் இல்லாதவளுக்குத்தான் அது தோன்றாது. லாரிக்காரனும் காயில்காரனும் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

"ஆமாடா, புதுசுதான்" என்றாள் தங்கமணி. "மரம் விழுந்துதா இல்லையா? உனக்கென்ன இப்ப?"

"ஒருக்காவாச்சும் தட்டி வெச்சுக்கலாம்னு தோணலியாக்கா?"

"அது கோடாலிடா!"

செல்வராசு டிபன் பாக்ஸை மேசைமேல் வைத்தான். "எனக்கு இருக்கறது ரெண்டே ரெண்டுக்கா. பொட்டி நெறைய இல்ல" என்றான்.

தங்கமணி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அதற்குமுன் அவளிடம் நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவே இல்லை. "அன்னைக்குச் சிஸ்டருக கைதட்டுனப்பவே நீ பயந்துட்டடா. முடியாதுன்னு சொல்றதுக்கு வாயில்லாம இத்தன நாளா காரணம் தேடீட்டு இருந்திருக்கற. நானே கையில ஒண்ணைக் குடுத்துட்டேன். எடுத்துட்டு ஓடு" என்றாள். அவன் முகம் செத்துப்போயிற்று. அவள் சொன்னது பொய் என்று அவனும் சொல்லவில்லை. எழுந்து போனான். கதவுவரை போனவனைக் கூப்பிட்டு, "இட்லியையும் எடுத்துட்டுப் போ. சீக்குக் கோழிக்குத் தீனி எதுக்கு?" என்றாள். திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனான்.

மெஷின் முடிகிறவரை நானும் வாயைத் திறக்கவில்லை. இது என் வாழ்க்கையிலேயே அபூர்வம். ஊசி எடுக்கும்போது அவளாகவே சொன்னாள்: "தட்டத் தட்ட அது சுருங்குதுங்க டிரைவரே. நாளைக்கு எவ்வளவு மிச்சம்னு கண்ணுக்கு நேரா காட்டுது. அதைப் பாத்துட்டு எப்புடீங்க ஆடறது? நீங்கெல்லாம் எப்புடித்தான் ஆடறீங்களோ." நான் ஏதோ பெரிதாகப் பதில் சொன்னதாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் மாத்திரை டப்பாவைக் காணோம். எடை பழையபடி ஏறியது. வார்டில் ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துக் குத்தினாள். புதிதாக வந்து பயந்துபோய் அழுத ஓர் அம்மாவிடம், "அழுகாதீங்க, அழுதா தண்ணி கொஞ்சம் கொறையும், நல்லதுதான், அழுங்க" என்றாள். தம்பி பெயரை எடுக்கவே இல்லை. அவன் மைக்கில் வந்தால் இவள் ஆட்டத்தைவிட்டுப் போய்விடுவாள். ஆனால் ஆடுவதை நிறுத்தவில்லை. பெயரில்லாத புதுக் கோடாலிகள் வந்துகொண்டே இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் மூச்சு முட்டியது. காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நாமக்கல் எல்லைக்கு வரும்முன்பே முடிந்துவிட்டது. காலையில் இளநீர் வெட்டிக் குடித்தாள் என்று வேலைக்காரம்மா சொன்னது. ஒன்று என்று அது சொன்னது. நான் சொல்லும்போது ஒரு குலை ஆகிவிடுகிறது. இளநீரில் இருக்கும் பொட்டாசியம் எங்களை மாதிரி ஆட்களின் நெஞ்சையே நிறுத்திவிடும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

எடுப்பதைத் திங்கட்கிழமை வைத்திருந்தார்கள். எனக்குச் சேதி தெரிந்தது செவ்வாய்க்கிழமை என்பதால் அதற்கு நான் போகவில்லை. போயிருந்தால் இன்னும் சிறப்பாக நடந்திருக்கும். ஆனால் போனவர்கள் சொன்னதை எழுதியாக வேண்டும். பிணம் வாசலில் கிடக்கும்போதே கழிவுக்கோழி ஏற்ற லாரி வந்து நின்றிருக்கிறது. அதற்கு முந்தின வாரம் அவளே போன் பண்ணிச் சொன்ன லாரி. திருப்பி அனுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை. ஒரு பக்கம் பந்தலில் ஒப்பாரி, இன்னொரு பக்கம் ஷெட்டில் கோழிகளைக் காலைப் பிடித்துத் தூக்கிக் கூண்டில் திணிக்கிற கூச்சல். எது எந்தப் பக்கத்துச் சத்தம் என்று தெரியவில்லையாம். ரத்தம் கொடுத்துப் பார்க்கக்கூட முன்வராத சொந்தக்காரர்கள் எல்லாம் செல்வராசைச் சூழ்ந்துகொண்டு, ஒரு கிட்னி கொடுத்திருந்தால் உசுரோடு இருந்திருப்பாளே என்று கேட்டார்களாம்.

அவள் போய் இரண்டு வாரம் கழித்து, டயாலிசிஸில் படுத்திருந்தபோது அந்த ஆட்டத்தை மறுபடி திறந்தேன். ஆட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. சொந்தக்காரர் வராவிட்டால் வீடு மெல்ல இற்றுப்போகும். பலகை கறுத்து, கூரை உதிர்ந்து, கடைசியில் வெறும் தரையாகிவிடும். தங்கமணியின் மாடி வீடு இந்நேரம் குட்டிச்சுவராகியிருக்கும் என்று ஆற்றங்கரைக்குப் போனேன். வீடு பளபளவென்று நின்றது. உள்ளே டொக், டொக் என்று சத்தம். செல்வராசு சுத்தியலோடு ஒவ்வொரு பலகையாகத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"என்ன பண்ணீட்டு இருக்கற?" என்றேன் மைக்கில்.

"வாங்க மாமா. அக்கா ஊடு இத்துப்போகுதுங்க. அதான் தெனமும் வந்து தட்டி வெக்கறேன்."

"அவ இருந்தா இதைத் தட்டுவாளா? ஒடச்சுப்போட்டு வேற ஊடு கட்டியிருப்பா."

"இருக்கட்டுங்க மாமா."

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. என் கோடாலியை எடுத்து அவளுடைய வாசல் தூணை வெட்ட ஆரம்பித்தேன். செல்வராசு என்னைத் தடுக்கவில்லை. பின்னாலேயே வந்து, நான் வெட்டுகிற இடத்தைத் தட்டித் தட்டிச் சரிசெய்தான். நான் வெட்ட, அவன் தட்ட, தூண் அப்படியே நின்றது. தட்டுவதுதான் வாழ்க்கை என்று இத்தனை வருடம் ஊரெல்லாம் பெருமை பேசியவன் நான். அந்த டொக் டொக் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஏன்டா, உசுரோட இருந்தப்ப வராத சுத்தியலு இப்ப எதுக்குடா? இத்துப்போன பலகைக்குக் காட்டற பாசத்தை அவளுக்குக் காட்டியிருந்தா இந்நேரம் அவளே இங்க வந்து உன்னைய வெட்டியிருப்பாளே. போடா, போயி மோட்டாருக்குக் கம்பி சுத்து. சாவுக்குப் பயந்தவனுக்குச் சுத்தியலு ஒரு கேடு."

சத்தம் நின்றது. வார்டில் பக்கத்துப் பெட்டுக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கலா சிஸ்டர், "மாமா!" என்றார். மைக்கில் செல்வராசு மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வைத்துவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தேன்.

"அப்புடியே அக்கா பேசறாப்பலயே இருக்குதுங்க மாமா" என்றான்.

நான் தூணை வெட்டுவதை நிறுத்தினேன்.

"இன்னொருக்கா திட்டுங்க மாமா."

அவளைத் தெரிந்தவர்களே, தங்கமணியின் பண்ணை அவள் மகளுக்குப் போய்விட்டது. வீட்டைத் தம்பி தட்டிக்கொண்டிருக்கிறான், தட்டட்டும். எனக்கு வந்து சேர்ந்தது அவளுடைய நாக்கு. அது எனக்குப் பிடித்த சாமான் இல்லை, கேட்டு வாங்கியதும் இல்லை. ஆனால் வாரத்தில் மூன்று நாள், நான் மெஷினில் படுத்ததும், பரமத்தியில் இருந்து ஒருவன் மைக்கில் வந்து காத்திருக்கிறான். அவனை நான் திட்டுகிறேன். 'ங்க' மட்டும் எனக்கு இன்னும் அவள் மாதிரி வரவில்லை.